பெயரால் கோர்ப்பதா, இடத்தால் கோர்ப்பதா?

கறுவாத்தோட்டம், குருந்துவத்தை, கொழும்பு 7: எப்படிச் சொன்னாலும் ஓட்டோக்காரர் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுவார். வெவ்வேறு இடங்களில் சேர்த்த மூளைத் தரவுகளை ஒன்றாகக் கோர்க்கும்போது கணினிக்கு அந்தத் தயவு கிடையாது. மூளையில் உடலசைவை இயக்கும் ஒரே பகுதியை ஒரு தரவுத்தளம் ‘எம்1’ என்கும், இன்னொன்று ‘பிராட்மன் 4’ என்கும். சொல்லிக்கொடுக்காவிட்டால் இரண்டும் அதற்கு வேறு வேறுதான்.

ஒரு வழி, தரவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொதுச் சொற்களஞ்சியத்தால் கோர்ப்பது. பல நரம்பியல் தரவுத்தளங்களை ஒரே இடத்திலிருந்து தேட உதவும் நியூரோசயன்ஸ் இன்ஃபர்மேஷன் ஃப்ரேம்வொர்க் இந்தக் கட்சி. எதைத் தேடினாலும் மாற்றுப்பெயர்களையும் சேர்த்தே தேடும். ஆனால் பெயர் ஒன்றானாலும் எல்லை ஒன்றாக இருக்காது. வாடகை விளம்பரங்களில் வெள்ளவத்தை தெஹிவளை வரை நீள்வதில்லையா, அதுபோல.

மற்றது, எல்லாவற்றையும் ஒரே ஆள்கூற்றுச் சட்டகத்தில், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், வை, இசட் எண்கள் உள்ள ஒரு பொது மூளை வரைபடத்தில், பொருத்துவது. அமெரிக்காவின் அலன் மூளை ஆய்வு நிறுவகத்தின் சட்டகம் 1,675 சுண்டெலிகளின் மூளைப் படங்களைச் சராசரியாக்கி, 10 மைக்ரோமீற்றர் நுணுக்கத்தில் செய்தது. அதில் ஒரு புள்ளியைக் காட்டினால் யாருடனும் வாதாட வேண்டியதில்லை. எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது.

அப்புறம் முதுமாணி ஆய்வு செய்யும் தங்கச்சி, நரம்புக்கல வடிவங்களைச் சேர்த்துவைக்கும் நியூரோமோர்ஃபோ தளத்திலிருந்து இறக்கிய ஒரு நரம்புக்கலக் கோப்பைத் திறந்து காட்டினாள். வரிக்கு ஏழு எண்கள்: வரிசை எண், வகை, எக்ஸ், வை, இசட், ஆரை, தாய்ப்புள்ளி. “இடம்தான் துல்லியமாக இருக்கிறதே” என்றேன். சிரித்தாள். அந்தக் கோப்பில் பூச்சியம் என்பது கலவுடலின் நடு. கலம் மூளையில் எங்கே கிடந்தது என்று எந்த எண்ணும் சொல்லவில்லை. தளத்தில் எழுதியிருந்த ‘ஹிப்போகாம்பஸ், சிஏ1’ (நினைவோடு தொடர்புள்ள மூளைப்பகுதி, அதன் ஓர் உட்பிரிவு) என்ற பெயர்தான் சொன்னது.

அவளிடமுள்ள மனித எம்ஆர்ஐ தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் 2 மில்லிமீற்றர். அதற்குள் எத்தனையோ ஆயிரம் கலங்கள். சுண்டெலியின் ஆள்கூறு அங்கே செல்லாது: சுண்டெலி ஹிப்போகாம்பஸின் மேல்பாகம் மனிதரில் பின்பாகத்துக்கு ஒப்பானது. என் வாக்கு, ஓர் இனத்துக்குள் ஆள்கூற்றுக்கு. இனமோ அளவோ மாறும்போது பெயருக்கு.

மூளைப் படத் தரவுக்கான பிட்ஸ் (BIDS) போன்ற கோப்பு ஒழுங்குகள் இந்தப் போட்டியிலேயே இல்லை. கோப்புறைகளையும் கோப்புப் பெயர்களையும் கூடவரும் குறிப்புகளையும் சீராக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

இப்போது தங்கச்சியின் அட்டவணையில் பகுதிப் பெயருக்குப் பக்கத்தில், அது எந்த அட்லஸின் (மூளை வரைபடத்தின்) எந்தப் பதிப்பு என்பதற்கு ஒரு தனி நிரல் இருக்கிறது. அது இல்லாததால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.