வீணை கேட்க எந்த அரங்கம்? சென்னை சபாக்கள் குறித்து ஓர் ஒப்பீடு

சென்ற மார்கழியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு வீணைக் கச்சேரிகளைக் கேட்டேன். முதலாவது ஆயிரம் பேருக்குமேல் அமரக்கூடிய ஒரு பெரிய அரங்கில் நடந்தது; மற்றொன்று, லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு அருகிலுள்ள ராகசுதா அரங்கில். இரண்டு கலைஞர்களுமே தோடியை விரிவாக வாசித்தார்கள். முதல் கச்சேரியில் ராகம் தோடி என்பது தெரிந்தது. ஆனால் அதன் காந்தார ஸ்வரம் அசையும் அசைவு என் காதுக்கு எட்டவில்லை. ராகசுதாவில் எட்டியது. சிறுவயதில் ஏழெட்டு ஆண்டுகள் வீணை பயின்றவன் என்பதால், இந்த வேறுபாட்டை என்னால் சிறிய விஷயமாகக் கடந்துபோக முடியவில்லை. வீணை என்றால் சிறிய அரங்கம்தான் என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

மியூசிக் அகாடமியின் பெருமையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் உருவான அமைப்பு அது. ஏறத்தாழ 1,600 பேர் அமரக்கூடிய அதன் இன்றைய அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. டிசம்பரில் காலை வேளைகளில் அங்கு நடைபெறும் விளக்க உரைகளுக்கு ஈடாக வேறெந்த சபாவையும் என்னால் காட்ட முடியாது. கட்டணமில்லாமல் நடக்கும் அந்த அமர்வுகளுக்காக நான் தொடர்ந்து அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கணீரென்ற குரலுடைய பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று முழுப் பக்கவாத்தியத்தோடு அமரும் மாலைக் கச்சேரிக்கும் அந்த அரங்கம் பொருத்தமானதே. அதே டி.டி.கே. சாலையிலுள்ள நாரத கான சபாவுக்கும் ஏறக்குறைய இதையே சொல்லலாம். தமிழ்ப் பாடல்களுக்கென்றே போவதாக இருந்தால், 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும் ராஜா அண்ணாமலை மன்றமே முதல் இடம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இரவில் வீடு திரும்புவதும் இப்போது எளிதாகிவிட்டது. தி.நகர் கிருஷ்ண கான சபாவுக்கு நான் பெரும்பாலும் நாட்டியத்துக்காகவே போயிருக்கிறேன். வாத்தியக் கச்சேரிக்கு அது எப்படி என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

இருக்கை வசதி, கேன்டீன், வண்டி நிறுத்த இடம் எல்லாம் பெரிய சபாக்களுக்கே சாதகம். இவையெல்லாவற்றையும் மீறி நான் ராகசுதாவின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வீணையின் நாதம் தேயும் விதம்.

பாடகர் ஒரு ஸ்வரத்தை மூச்சுள்ளவரை நிறுத்தலாம். வயலின்காரர் வில் முடியும்வரை இழுக்கலாம். வீணையில், தந்தியை மீட்டிய கணத்திலேயே நாதம் தேயத் தொடங்கிவிடுகிறது. தேர்ந்த வைணிகர், அதாவது வீணைக் கலைஞர், ஒருமுறை மீட்டிவிட்டு, வீணைத் தண்டில் பதித்த அதே மெட்டின் மேல் தந்தியை இடக்கை விரல்களால் பக்கவாட்டில் இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஸ்வரங்களைப் பிறப்பிக்கிறார். அந்தப் பிடியின் (ஸ்வரத் தொடரின்) கடைசி ஸ்வரம் ஒலிக்கும் நேரத்தில், முதலில் எழுந்த நாதத்தில் மிகச் சிறு பங்கே மிஞ்சியிருக்கும். ராகத்தின் உயிர் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கில்தான் இருக்கிறது. மின்விசிறி ஓசை, இருமல், பின்வரிசைப் பேச்சு என எது குறுக்கிட்டாலும் முதலில் அழிவது அதுவே.

பெரிய அரங்கில் இதை ஈடுகட்ட, வீணையின் உடலிலேயே காண்டாக்ட் மைக்கை ஒட்டி ஒலியைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் கடைசி ஸ்வரம் கேட்கும் என்பது உண்மைதான்; ஆனால் மீட்டொலியும் அதே அளவுக்குக் கூடி, நகம் தந்தியில் படும் ஓசை முன்னே வந்து நின்றுவிடுகிறது. பலாமரக் குடத்துக்குள் சுழன்று வெளிவரும் கார்வை (நீடித்து ஒலிக்கும் நாதம்) மெலிந்து, கம்பியின் ஓசை மட்டும் தடித்துக் கேட்கிறது. நான் முதலில் சொன்ன கச்சேரியில் நடந்தது இதுதான். மிருதங்கத்தின் ஒலியும் உயர்த்தப்பட்டிருந்ததால், வைணிகர் மென்மையான பிடிகளைக் குறைத்துக்கொண்டு, அடிக்கடி மீட்டி வாசிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய பாணியையே அரங்கம் மாற்றிவிட்டதைப் பார்க்க வருத்தமாக இருந்தது.

ராகசுதாவில் மைக் இல்லாமல் இல்லை. ஆனால் மேடைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், அதை மிகக் குறைவாக வைத்தாலே போதுமானதாக இருக்கிறது. அன்று மிருதங்க வித்வான் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் ரவை அப்பிக்கொண்டு, வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தைச் சிறு கல்லால் தட்டிச் சுருதி சேர்த்த ஓசைகூட நான் இருந்த இடத்துக்கு மைக்கின் உதவியின்றியே வந்தது. ஆலாபனையில் கலைஞர் மந்தர ஸ்தாயிக்கு இறங்கி, ஒரே மீட்டில் காந்தாரத்தை இரண்டு முறை அசைத்துவிட்டு அடுத்த கீழ் ஸ்வரமான ரிஷபத்துக்கு வந்தபோது, அந்த ரிஷபம் தம்பூராவின் ஒலிக்குள் கரைவதை முழுமையாகக் கேட்க முடிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலேயே மெதுவாக ‘ஆஹா’ என்றார். அது மேடைக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கலைஞர் புன்னகைத்தபடி அதே பிடியை இன்னொரு முறை வாசித்தார்.

எல்லா இசைக்கும் சிறிய அரங்கமே சிறந்தது என்று நான் வாதிடவில்லை. நாகஸ்வரத்தையும் தவிலையும் நான்கு சுவர்களுக்குள் கேட்டது இரண்டு முறைதான் என்றாலும், அவற்றுக்குக் கோயில் பிராகாரம்போல் விரிந்த இடம் வேண்டும் என்றே அப்போது தோன்றியது. புகழ்பெற்ற பாடகர் வரும் நாளில் சிறிய அரங்கில் இடம் கிடைப்பதும் கடினம்.

ராகசுதாவில் வீணை கேட்கப் போகிறவர்கள் அரைமணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. வைணிகர் நம்மை நோக்கி அமரும்போது வீணையின் குடம் நமக்கு இடப்பக்கமாக வரும். ஆகவே மூன்றாம் வரிசையில், நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் நாதம் நேராக வந்து சேரும்.