வாரம் ஒரு மாத்திரையா, வருஷத்துக்கு ஒரு டிரிப்பா?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம். கை நடுக்கம்கூடப் பழகிவிட்டது. செல்லூர் வீட்டு நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் பயம். விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது என்று எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் சொல்லிவிட்டது. நாம் பொதுவாகச் சொல்லும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது; எலும்பே உள்ளுக்குள் புரையோடி மெலிவது.

எலும்பு மேலும் மெலியாமல் காக்க டாக்டர் இரண்டு வழி சொன்னார். முதலாவது அலென்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒரு மாத்திரை. விலை குறைவு, வீட்டிலேயே போடலாம். ஆனால் விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அதுவரை காபி கிடையாது, வேறு மாத்திரையும் கிடையாது. இங்கேதான் சிக்கல். அப்பாவின் பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபாவும் அதே வெறும் வயிற்றுக்குத்தான் காத்திருக்கிறது. அது உள்ளே போகாமல் அவரால் நிமிர்ந்து உட்காரவே முடியாது. போதாததற்கு, விழுங்குவதிலும் தடுமாற்றம். மாத்திரை வழியில் தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

இரண்டாவது சோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி., வருஷத்துக்கு ஒரு டிரிப். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவார்கள். தொண்டைக்கு வேலையே இல்லை. முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். காய்ச்சலில் பார்க்கின்சன் விறைப்பும் கூடும் என்பதால் அப்போது கூடவே ஆள் வேண்டும். முன்கூட்டியே சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

ஆறு மாதத்துக்கொரு டெனோசுமாப் ஊசியும் உண்டு. தேதி தவறினால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. எங்கள் வீட்டு மறதிக்கு அது சரிவராது.

நன்றாக விழுங்குகிறவராக இருந்தால் மாத்திரைக்கே என் ஓட்டு. அப்பாவுக்கு டிரிப்தான்.

எதைப் போட்டாலும் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? வெளியே போகப் பயப்படுகிறவருக்குப் பஞ்சம்தான். நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, கூழுக்கு அவரும் மறுப்பு சொல்வதில்லை. பாலை மட்டும் லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. பாலின் புரதம் மருந்தை உடம்பில் சேரவிடாது.

நிலைப்படிக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். கோட்டைப் பார்த்ததும் காலைத் தூக்கி வைக்கிறார். சொத்தைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டுமாம். டிரிப் ஏறியபின் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், அந்தப் புண் ஆறிய அப்புறம்தான் டிரிப்.