சமைக்காமல் உண்ணலாம் என்று விற்ற மீனில் உயிருள்ள புழுக்கள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கடல்மீனில் புழு இருப்பது மோசடி அன்று; முறையாக உறையவைத்தால் அது செத்துவிடும். உறையவைக்காத மீனை உறையவைத்ததாகச் சொல்லி, சமைக்காமலே உண்ணத் தக்கது என்று விற்பதுதான் மோசடி. அதற்கு எங்கள் வீடு ஆளானதால், விற்பனையாளரின் பெயரைத் தவிர்த்துவிட்டு, நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

மீனை வாங்குவதற்கு முன்பே, அது உறையவைக்கப்பட்டதா என்று எழுத்து மூலமாகக் கேட்டிருந்தேன். விதிமுறைப்படி உறையவைத்த பிறகே அனுப்புவதாகவும், தயங்காமல் அப்படியே உண்ணலாம் என்றும் பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. மெல்லிய துண்டுகளாக நறுக்கிய அந்த மீனைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் என் தம்பிக்கு மேல்வயிற்றில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் தொடங்கின. சமைக்காத மீன் ஏதாவது உண்டாரா என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது, இரைப்பையின் உட்சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்த வெண்ணிறப் புழு ஒன்று தெரிந்தது. அதை இடுக்கியால் பற்றி எடுத்த பிறகே வலி தணிந்தது. வீட்டில் மிஞ்சியிருந்த துண்டை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். கடிகாரத்தின் சுருள்கம்பியைப் போலச் சுருண்ட புழுக்கள் அதிலும் இருந்தன, ஒன்று நெளியவும் செய்தது. முறையாக உறையவைத்த மீனில் புழு நெளியாது. பொதியின் அடியில் சிறிய எழுத்தில் ‘ஒருபோதும் உறையவைக்கப்படாதது’ என்று பெருமையாக அச்சிட்டிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தோம். எனக்கு எழுதிய பதிலும் அவர்களுடைய பொதியும் ஒன்றையொன்று பொய்யாக்கின.

அந்தப் புழுவின் பெயர் அனிசாகிஸ். அது திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றின் வயிற்றில் முதிர்ந்து முட்டையிடும் உருளைப்புழு. கழிவோடு கடலில் கலக்கும் முட்டைகளிலிருந்து வரும் இளம்புழுக்களை இறால் போன்ற சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்களும் கணவாய்களும் உண்ண, புழு அவற்றின் குடலைச் சுற்றியும் தசையிலும் தங்கிவிடுகிறது. சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த இளம்புழுக்கள், மீன் இறந்த பின் குடற்பகுதியிலிருந்து தசைக்குள் நகரக்கூடும் என்பதால், பிடித்தவுடன் குடலை அகற்றுவது பயன் தரும்; ஆனால் அது மட்டுமே போதாது. மனித உடலில் புழு முதிர்வதில்லை, சில நாட்களில் அல்லது வாரங்களில் இறந்துவிடும். அதற்குள் இரைப்பையையோ குடலையோ துளைக்க முயன்று அது தரும் வேதனைதான் நோய். குடலில் தங்கினால் அறிகுறிகள் சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். அதைக் குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதி அறுவை சிகிச்சை வரை சென்றவர்களும் உண்டு. ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும், உண்ட மீனைப் பற்றி நாமே சொல்லிவிட வேண்டும்.

முறையிட்டபோது விற்பனையாளர் தந்த விளக்கம் மீனைவிட மோசமாக இருந்தது. புழு இருப்பது இயற்கையே என்றும், எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து ஊறவைத்திருந்தால் அது செத்திருக்கும் என்றும் சொன்னார்கள். இது அப்பட்டமான தவறு. புளிப்பில் ஊறும்போது சதை வெந்ததுபோல் வெளுக்கும், உள்ளே இருக்கும் புழுவோ நாட்கணக்கில் உயிரோடிருக்கும். இலேசான உப்பும் குறைந்த வெப்பத்தில் இடும் புகையும் அதைக் கொல்வதில்லை. நெதர்லாந்தில் ஹெர்ரிங் என்னும் கடல்மீனை இலேசாக உப்பிட்டுச் சமைக்காமலே உண்டவர்களிடம் இந்நோய் 1960ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட பிறகு, அந்நாடு 1968இல் அம்மீனை உறையவைப்பதைச் சட்டமாக்கியது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, மீனின் உட்பகுதி வரை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம் உறைந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் கேட்கிறது. சமைப்பதானால் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டினால் போதும்.

எந்த நாளில், எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் உறையவைத்தார்கள் என்ற பதிவேட்டின் நகலைக் கேட்டேன். அது வரவில்லை. புகாரைத் திரும்பப் பெற்றால் பணத்தைத் தருவதாக ஒரு கடிதம் மட்டும் வந்தது, மறுத்துவிட்டேன்.

இத்தகைய மீனை வாங்குவோர், ‘சமைக்காமல் உண்ணத் தக்கது’ என்ற வாசகத்தை நம்பாமல் அந்தப் பதிவேட்டையே கேளுங்கள். இயற்கையாகக் கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்றும் கேளுங்கள். ஆலைத் தீவனம் மட்டுமே உண்டு வளரும் பண்ணைச் சால்மனில் அனிசாகிஸ் அபாயம் மிகக் குறைவு, பசிபிக் பெருங்கடலில் பிடிபடும் சால்மனிலோ பல மீட்டர் வளரும் நாடாப்புழுவின் இளம்பருவமும் இருக்கக்கூடும். வீட்டு ஃபிரீசர்கள் பல மைனஸ் 18 டிகிரியோடு நின்றுவிடுவதால், அவற்றில் ஓர் இரவு வைத்து எடுப்பதைப் பாதுகாப்பு என்று கொள்ள முடியாது. மீன் உண்டபின் உடலில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றியவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்ப்பது அவசியம், ஏனெனில் இப்புழுவின் சில புரதங்கள் வெப்பத்தாலும் அழிவதில்லை. சந்தேகம் எழுந்தால் மிஞ்சிய மீனையும் பொதியையும் எறிந்துவிடாமல் மூடிக் குளிரில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எங்களிடம் முதலில் கேட்டவை அவைதான்.