மனசு நிற்காமல் ஓடும்போது: பெருமூச்சு, டைரி, காபி – சில வருட அனுபவம்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனி நாள்காட்டி. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கு. ஜூலை பிறந்தால் வருமான வரி, தணிக்கை என்று தீபாவளி வரை இழுக்கும். பகலில் வேலை எப்படியோ நடந்துவிடுகிறது. படுத்த பிறகுதான் தொல்லை. இந்த வாடிக்கையாளரின் பில் வந்ததா, கொள்முதலில் கட்டிய வரிக்கான அந்தக் கிரெடிட் ஜிஎஸ்டி-யின் 2பி பட்டியலில் ஏறியதா, நோட்டீஸுக்குப் பதில் போட்டோமா என்று ஆரம்பித்து, பையன் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் சர்க்கரை என்று மனசு கிளை பிரிந்துகொண்டே போகும். இதற்காக நான் பல நாளாகப் பின்பற்றி வருவதில் எது நிலைத்தது, எது கழன்றது என்பதைப் பகிர்கிறேன்.

"எல்லாத்தையும் மறந்துட்டுத் தூங்குங்க" என்பதுதான் எல்லோரும் இலவசமாகத் தரும் யோசனை. அது வேலைக்கு ஆகாது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-லேயே இதைச் சோதித்திருக்கிறார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, நினைப்பு வந்தால் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, அடக்கி வைத்தவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது.

அதனால் நான் உடம்பு வழியாகப் போனேன். பகல் நேரப் படபடப்புக்கு இன்றுவரை கைகொடுப்பது பெருமூச்சுப் பயிற்சி. மூக்கால் நன்றாக மூச்சை இழுக்க வேண்டும். நெஞ்சு நிரம்பியது போல் இருக்கும்போதே மேலே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாய் வழியாக, அவசரமே இல்லாமல், கடைசிவரை விட வேண்டும். அவ்வளவுதான். விடும் நேரம் நீளமாக இருப்பதில்தான் சூட்சுமம். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு கொஞ்சம் தணிகிறது. சந்தேகம் இருந்தால் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருக்கி வரும், விடும்போது இடைவெளி விட்டு விட்டு வரும். நான் இதை நம்பத் தொடங்கியதே அப்படி விரலில் உணர்ந்த பிறகுதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் இந்தப் பெருமூச்சையும் வேறு இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யச் சொன்னார்கள். மனநிலை தேறியதில் பெருமூச்சு முன்னால் நின்றது. ஆனால் பதற்றம் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. ஆகவே தியானம் ஒத்துவருகிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை. எனக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் லெட்ஜர்தான் தெரிகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் வீடுகளில் பெருமூச்சு விடுவது சாதாரண விஷயமில்லை. "காலங்காத்தால என்ன பெருமூச்சு, வீடு விளங்குமா?" என்று அம்மா கேட்டார். ஆபீஸில் ஜூனியர் பையன், "சார், யாருக்கு நோட்டீஸ் வந்துச்சு?" என்றான். இப்போதெல்லாம் மாடிப்படியில் நின்று செய்கிறேன்.

மூச்சை நடுவில் பிடித்து நிறுத்தும் முறைகள் எனக்குச் சரிப்படவில்லை. 4 எண்ணி இழு, 7 எண்ணிப் பிடி, 8 எண்ணி விடு என்பது இப்போது பிரபலம். நம் பழைய பிராணாயாமக் கணக்கோ 16 மாத்திரை (கால அளவு) பூரகம், அதாவது இழுப்பது; 64 கும்பகம், பிடிப்பது; 32 ரேசகம், விடுவது. இரண்டிலும் விடுவது இழுப்பதைப் போல் இரு மடங்கு என்பதைக் கவனித்தீர்களா? நீளமாக விடும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே படபடப்பில் இருப்பவன் மூச்சைப் பிடித்தால் இன்னும் பதறுகிறான், என் விஷயத்திலாவது. கும்பகம் ஆசான் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டியது.

ராத்திரிக்கு மூச்சைவிட டைரிதான் பலம். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடத்திய சிறிய ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. படுக்கும் முன் 5 நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட 9 நிமிடம் போல முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அந்த 'விவரமாக' என்பதுதான் முக்கியம். "ஜவுளிக்கடை வேலை" என்று எழுதினால் மனசு விடாது. "ஜவுளிக்கடை: கொள்முதல் பில் மூன்று குறைகிறது, காலை 10 மணிக்கு அவர்கள் கணக்குப்பிள்ளைக்கு போன், கிடைக்காவிட்டால் அடுத்த மாதக் கணக்கில் சேர்க்கலாமா என்று சாரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதினால், அது பிறகு தலைக்குள் வந்து நிற்பதில்லை. போனில் எழுதிப் பார்த்தேன், வாட்ஸ்அப் கண்ணில் படுகிறது. ஜவுளிக்கடையிலேயே புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி போதும்.

காபியைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆறு மணிக்கு ஃபில்டர் காபி குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் நிறுத்தினேன். முதல் வாரம் தலைவலி. அப்புறம் கிடைத்த பலன், காசு கட்டி வைத்திருந்த தியான ஆப் ஒன்றில் கிடைத்ததைவிட அதிகம். அந்த ஆப் "இன்று தவறவிட்டீர்கள்" என்று ராத்திரி நினைவூட்டல் அனுப்பும். எனக்கு அது இன்னொரு டியூ டேட். நீக்கிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் சில இரவுகள் தூக்கம் வராது. இருபது நிமிடம் போல் பார்த்துவிட்டு எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் எதையாவது மடித்து வைக்கிறேன், கொட்டாவி வந்தபின் திரும்புகிறேன்.

இன்னொன்று. படபடப்பு என்று போனால் டாக்டர் முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்வார், சொன்னால் பாருங்கள். இரண்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.