கடை இல்லாத கேக் தொழிலுக்கு 60 லிட்டர் ஓடிஜி போதுமா?

போதும், தாராளமாகவே போதும். மேசைமேல் வைக்கும் கரண்ட் ஓவனைத்தான் ஓடிஜி என்கிறோம். ஆனால் கையில் இருக்கிற காசை முழுக்க ஓடிஜியில் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது ஃபிரிட்ஜுக்கு முதலில் எடுத்து வையுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். போர்டு கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், பாதிப் பணம் ஜிபேயில் முன்பணமாக வரும், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கே வந்து வாங்கிப் போவார்கள். அரை கிலோ, ஒரு கிலோ பிறந்தநாள் கேக்குகள்தான் அதிகம். டிசம்பர் வந்தால் பிளம் கேக். தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்த ஊர் இது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. புதிதாகத் தொடங்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் இதைத்தான்: "அக்கா, நீங்க என்ன ஓவன் வச்சிருக்கீங்க?"

என்னிடம் இருப்பது 60 லிட்டர், 2000 வாட், உள்ளே விசிறி உள்ள ஓடிஜி. எந்த பிராண்ட் என்பதை விட்டுவிடுகிறேன். பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வரும் இந்த அளவு ஓடிஜிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். மேலே சூடேற்றும் ராடு, கீழே ஒரு ராடு, முன்னால் சூட்டுக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு. நிறைகளும் குறைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

லிட்டர் கணக்கை மறந்துவிட்டு, எத்தனை டின் பிடிக்கும் என்று பாருங்கள். 6 அங்குல டின்னில் அரை கிலோ கேக், 8 அங்குல டின்னில் ஒரு கிலோ கேக். என் ஓடிஜியில் 8 அங்குல டின் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நடுவில் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும். 6 அங்குலம் என்றால் நான்கு. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு போட்டு இரட்டிப்பாக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மேல் தட்டு சூட்டை மறைத்துவிடும், கீழே இருக்கும் கேக்கின் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும், அடிப்பக்கம் மட்டும் கருகும். நடுத் தட்டு ஒன்று மட்டும்தான் கணக்கு. ஆக, ஒரு ஈட்டுக்கு இரண்டு கிலோ. சனி, ஞாயிறு ஆர்டர்களுக்கு வெள்ளிக்கிழமையே ஸ்பாஞ்ச் போட்டுவிடலாம், ஆறவைத்துச் சுற்றி வைத்தால் மறுநாள் வெட்டுவதற்கும் சுலபம். அதனால் சாதாரண மாதங்களில் ஓடிஜி சிறியது என்ற குறை எனக்கு வந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பழக்கம் மாற வேண்டும். ஓடிஜி எவ்வளவு பிடிக்குமோ அந்த அளவுக்குத்தான் மாவு கலக்க வேண்டும். நாலு கிலோ மாவை ஒரேயடியாகக் கலந்துவிட்டு, முதல் ஈடு வெந்து முடியும்வரை மீதியை மேடையில் வைத்தால் அந்த மாவு செத்துவிடும். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சில் அந்த நுரைதான் கேக்கைத் தூக்குகிறது. காத்திருந்தால் அடங்கிவிடும். முட்டை சேர்க்காத கேக் இன்னும் அவசரக்காரி. தயிரோ வினிகரோ சமையல் சோடாவைத் தொட்ட நொடியிலேயே காற்று கிளம்ப ஆரம்பித்துவிடும், அந்தக் காற்று பாத்திரத்திலேயே போய்விட்டால் டின்னில் எழும்ப ஒன்றும் இருக்காது. நான் மைதா, கோகோ, பேக்கிங் பவுடர் எல்லாம் சலித்து ஈடு ஈடாகத் தனித்தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். முதல் ஈடு வெளியே வர ஐந்து நிமிடம் இருக்கும்போது அடுத்த டப்பாவைத் திறப்பேன்.

இப்போது திருகைப் பற்றி. அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். என்னுடையதில் 180 என்று வைத்தால் உள்ளே 160-க்குச் சற்று மேலேதான் நிற்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தட்டில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அப்புறம், விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று டின்னை உள்ளே தள்ளக் கூடாது. அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் சூடேறியிருக்காது. மேலும் பத்து நிமிடம் விடுங்கள். என் ஓடிஜியில் வலது பின்மூலை வேகமாகச் சிவக்கும். கேக்கின் நடுப்பகுதி ஆடாமல் நின்ற பிறகு டின்னைத் திருப்பி வைக்கிறேன். அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் நடுவில் குழி விழும். விசிறியைப் போட்டால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டுக்கு விசிறி அருமை. ஸ்பாஞ்சுக்கு வேண்டாம், மேல்தோல் சீக்கிரம் இறுகி நடுவில் மேடு தட்டி வெடிக்கும்.

கரண்ட் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பிளக்கில் இதைப் போடவே கூடாது. எங்கள் வீடு பழைய வீடு. வயரிங் செய்யும் அண்ணாச்சி சமையலறையைப் பார்த்ததுமே, "இந்தப் பாயிண்ட்ல போட்டா வயர் உருகிரும்மா, தனி லைன் இழுத்துருவோம்" என்றார். 16 ஆம்பியர் பாயிண்டும், லோடு கூடினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் தனியாக ஒன்றும் போட்ட செலவை ஓடிஜியின் விலையோடு சேர்த்தே பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கிற நாளை முன்கூட்டியே பார்த்து வைத்து, அன்று காலையில் எந்தக் கேக்கும் போடாதீர்கள். திடீரென்று போய்விட்டால் கதவைத் திறக்காமல் விடுங்கள். பாதிக்கு மேல் வெந்த கேக் உள்சூட்டிலேயே பிழைத்துக்கொள்ளும், பச்சையாக இருந்தது தேறாது.

பில்லும் ஏறும். சூடு வந்ததும் ராடு அணைந்து அணைந்து எரிவதால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். ஆனால் நம் ஊர்க் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் இருக்கும் மலிவு விலையும் போய்விடும். ஓடிஜியும் இரண்டாவது ஃபிரிட்ஜும் ஓடும் வீட்டில் மே மாதம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். கேக் விலை போடும்போது மைதாவையும் க்ரீமையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். அந்தப் பணம் அவர்கள் உழைப்பிலிருந்து போகிறது.

பேக்கரிகளில் இருக்கும் பெரிய கேஸ் டெக் ஓவன் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் எடுக்க வேண்டும், வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வைக்க இடமும் சூடு வெளியேற வழியும் வேண்டும். தினமும் ஆர்டர் நிரம்பி வழிகிறவர்களுக்குச் சரி. தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம்.

ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். கடை வைத்திருக்கிறவர்களுக்குக் குளிர்கண்ணாடி அலமாரி இருக்கிறது. நமக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியது வீட்டு ஃபிரிட்ஜ். அங்கேதான் எல்லாம் முட்டுகிறது. ஒரு கிலோ கேக் பெட்டி 10 அங்குல அகலம். கண்ணாடித் தட்டு ஒன்றைக் கழற்றினால் இரண்டு பெட்டி வைக்கலாம், அதோடு முடிந்தது. ஓடிஜி வெள்ளிக்கிழமையே எட்டு கிலோ ஸ்பாஞ்சைக் கொடுத்துவிடும், ஆனால் க்ரீம் போட்டு முடித்த எட்டு கேக்கை எங்கே வைப்பது? எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது ஃபிரிட்ஜின் தட்டுகள்தான்.

வாசனை அதைவிடப் பெரிய தொல்லை. க்ரீம் பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். கீழ்த்தட்டில் நேற்றைய மீன் குழம்பும் மேல்தட்டில் வெனிலா கேக்கும் இருந்தால், அட்டைப்பெட்டி மூடியிருந்தாலும் பயனில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு கேக்கைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது ஃபிரிட்ஜில் கேக்கைத் தவிர வேறு எதுவும் நுழையக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் விசிகூலர், குளிர்பானக் கடைகளில் நிற்குமே, கண்ணாடிக் கதவு போட்டது. கம்பித் தட்டுகளை வேண்டிய உயரத்துக்கு மாற்றலாம், இரண்டடுக்குக் கேக்கும் நிற்கும். கதவைத் திறக்காமலே எந்தக் கேக் யாருக்கு என்று பார்க்கலாம். வாங்கும் முன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட், அதாவது கதவு ரப்பர், போய்விட்டது என்று அர்த்தம். குறை என்றால் சத்தம், கரண்ட், ஃப்ரீசர் இல்லாதது. விப்பிங் க்ரீம் பாக்கெட்டுகள் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில்தான் இருக்கும், முந்தின இரவு இங்கே மாற்றிக்கொள்வேன். ஓரத்தில் லேசாக ஐஸ் நிற்கும்போது அடித்தால்தான் க்ரீம் மூன்று, நான்கு மடங்கு பொங்கி நிற்கும். கத்திரி வெயிலில் அடிக்கும் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

நன்றாகக் குளிர்ந்த கேக் வழியிலும் தாங்கும். காரில் கொண்டு போகிறவர்களிடம் மடியில் வைக்காதீர்கள், சீட்டிலும் வைக்காதீர்கள், முன்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் தரையில் சமமாக வையுங்கள் என்று சொல்லிவிடுவேன். சீட் சரிவாக இருக்கும், கேக் நழுவும். கே.டி.சி. நகர், பெருமாள்புரம்வரை தெரிந்த ஆட்டோ அண்ணாச்சி கொண்டு போவார். தூத்துக்குடிக்குக் க்ரீம் கேக் கேட்டால் நான் எடுப்பதில்லை. பிளம் கேக் என்றால் அனுப்புவேன்.

அந்தப் பிளம் கேக்தான் இந்த ஓடிஜியின் உண்மையான சோதனை. அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியிலேயே இருக்கும். ஆனால் 150 டிகிரியில் மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். டின்னைச் சுற்றி இரண்டு சுற்றுத் தாள் வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்து உலர்திராட்சை கசந்துவிடும். டிசம்பரில் மட்டும் ஓடிஜி சிறியதாகிறது. அதற்காக 100 லிட்டர் வாங்க ஆசைப்படாதீர்கள். இரண்டாவதாக 30 லிட்டர் ஒன்றை வாங்குங்கள். ஒரு டிசம்பரில் என்னுடையதில் மேல் ராடு போய்விட்டது. கம்பெனி சர்வீஸில் கேட்டால், புத்தாண்டுக்குப் பிறகுதான் ஆள் வருவார் என்று சொன்னார்கள். ஆர்டர் கொடுத்தவர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? தெருவில் இருக்கும் ஒரு மதினி தன் சின்ன ஓடிஜியைக் கொடுத்ததால்தான் அந்த வருடம் எல்லாக் கேக்கும் போய்ச் சேர்ந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மெக்கானிக் அளவு பார்த்து வேறு ராடு போட்டுத் தந்தார், இன்றும் அதுதான் எரிகிறது.

முட்டை சேர்க்காத கேக் கேட்கும் சைவக் குடும்பங்கள் திருநெல்வேலி டவுன் பக்கம் நிறைய. ஒரே ஓடிஜி என்பதால் காலையில் முதல் ஈடுகளாக அவற்றை முடித்துவிடுவேன், பிறகுதான் முட்டை கேக். டின், விஸ்க், பாத்திரம் எல்லாம் அவர்களுக்குத் தனி, பிடியில் பச்சை டேப் ஒட்டியிருக்கும். கேட்காமலே இதைச் சொல்லிவிடுங்கள், நம்பி வாங்குவார்கள். பெட்டியிலும் பச்சை வட்டம், முட்டை கேக் என்றால் பழுப்பு முக்கோணம். கூடவே உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். வீட்டில் செய்தாலும் பதிவு கட்டாயம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், ஆன்லைனிலேயே முடிந்தது.

கடைக்கு ஓடிஜி பார்க்கப் போகும்போது உங்கள் 8 அங்குல டின் இரண்டைக் கையோடு கொண்டு போங்கள். உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். பெட்டியில் 60 லிட்டர் என்று போட்டிருந்தாலும் ஆழம் குறைவாக இருப்பவை உண்டு. வாரண்டி அட்டையையும் அங்கேயே படியுங்கள், வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்று பலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும். ராடு வெளியே கிடைக்குமா, என்ன விலை என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.