உள்ளங்கால் புண்: மாவுக்கட்டா, வாக்கர் பூட்ஸா, அரைச்செருப்பா, ஃபெல்ட் திண்டா?

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு முன்பாதத்தில் அடிப்பக்கமாகப் புண் வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி "எந்த மருந்து போட்டுக் கட்டுவது?" என்பதுதான். தேன், வெள்ளி ஜெல், மஞ்சள், பெட்டாடின் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்கென்று தேனோ வெள்ளி டிரஸ்ஸிங்கோ வேண்டாம் என்கிறது. சலைனில் கழுவி, கசிவை உறிஞ்சும் சாதாரண டிரஸ்ஸிங் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கெடுக்கும். பணமும் யோசனையும் போக வேண்டிய இடம் வேறு. ஒவ்வோர் அடியிலும் புண்மேல் இறங்கும் உடல் பாரத்தை எதை வைத்து விலக்குவது?

முழங்கால் வரை மாவுக்கட்டு

முழங்கால் உயரத்துக்கு, கழற்ற முடியாத சாதனமே முதல் தேர்வு; மாவுக்கட்டு அந்த வகை. உணர்ச்சியற்ற பாதம் பாரத்தால்தான் புண்ணாகிறது என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டு, வேலூர் சி.எம்.சி.யிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்த மாவுக்கட்டு முறையில் வேலை செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கும் அதை எடுத்துச் சென்றார். 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், 12 வாரங்களில் புண் ஆறியவர்கள் மாவுக்கட்டில் சுமார் 90 சதவீதம், கழற்றக்கூடிய வாக்கரில் (பட்டை போட்டுக் கட்டும் உயரமான பூட்ஸ்) 65, முன்பாதம் தரையில் படாத அரைச்செருப்பில் 58.

எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு அல்ல இது. பஞ்சு மிகக் குறைவு; கட்டு பாதத்தின் வடிவத்தோடு ஒட்டி அமர வேண்டும். முதலில் புண்ணைச் சுற்றியுள்ள காய்ப்பைச் சீவி எடுப்பார்கள். விரல் இடுக்குகளில் பஞ்சு, கணுக்கால் மொட்டுகளிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு முகட்டிலும் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) துண்டு, கணுக்கால் 90 டிகிரியில். பஞ்சை அதிகம் வைத்தால் இரண்டே நாளில் அது அமுங்கி, கால் உள்ளே ஆடும். ஆடும் கால் உராய்ந்து புதுப் புண் உண்டாகும். முதல் கட்டைச் சில நாட்களிலேயே, தாமதித்தால் ஒரு வாரத்துக்குள், மாற்றச் சொல்வதும் இதனால்தான்: வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும். அதன்பின் வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை.

தொல்லைகளும் உண்டு. குத்தவைக்கும் கழிப்பறையில் உட்கார முடியாது. கமோடு நாற்காலி முன்கூட்டியே வேண்டும். கட்டுள்ள கால் உயர்ந்துவிடுவதால், மறுகால் செருப்புக்கும் அதே அளவு அடி கட்டாவிட்டால் இடுப்பு வலிக்கும், தடுமாறி விழவும் நேரும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் நாற்றம், கட்டின் மேல் ஈரக் கறை, காய்ச்சல், காரணமில்லாமல் ஏறும் சுகர் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கட்டைப் பிரிக்க வேண்டும்.

வாக்கர் பூட்ஸ்

முழங்கால் உயர வாக்கர், பாரத்தை விலக்குவதில் மாவுக்கட்டுக்கு ஏறக்குறைய சமம். தோற்பது பட்டையை அவிழ்க்க முடிவதால். 2003 ஆய்வொன்றில், நோயாளிகள் நடந்த மொத்த அடிகளில் சுமார் 28 சதவீதம்தான் வாக்கரோடு நடந்தவை. வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் வீடுகளில் இது இன்னும் கடினம். இரவு கழிப்பறைக்கு வெறுங்காலோடு, பூஜை அறைக்கு வெறுங்காலோடு. வலி தெரியாத காலுக்கு எச்சரிக்கையும் கிடையாது. எளிய வழி ஒன்று உண்டு: வாக்கரின் மேல் ஃபைபர் கட்டு ஒரு ரோல் சுற்றி, கழற்ற முடியாதபடி ஆக்கிவிடுவது. மாவுக்கட்டு போடத் தேர்ந்த கை இல்லாத ஊரில் இதையே கேளுங்கள்.

அரைச்செருப்பும் ஃபெல்ட்டும்

அரைச்செருப்பில் குதிகால் மட்டும் தரையைத் தொடும். முன்பாதப் புண்ணுக்கு மட்டுமே பொருந்தும். குதிகால் புண்ணுக்குப் போட்டால் கேடு. வயதானவர்கள் சமநிலை இழப்பார்கள். ஃபெல்ட் திண்டு, வேறு எதுவும் கிடைக்காதபோது. புண்ணைச் சுற்றி முழு வளையமாக வெட்டக் கூடாது, விளிம்பு அழுத்தி நடுச்சதை வீங்கும். லாட வடிவில் வெட்டி ஒட்ட வேண்டும். சில நாட்களில் அமுங்கிவிடும், மாற்றாவிட்டால் பயனில்லை.

எம்.சி.ஆர். (மிருதுவான நுண்துளை ரப்பர்) செருப்பு இந்த வரிசையிலேயே இல்லை. அது புண் வராமல் காக்க. திறந்த புண்ணோடு அதைப் போட்டு மாதக்கணக்கில் நடப்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

தொற்று இருந்தால் கணக்கு மாறும்

வீக்கம், சிவப்பு, சூடு, வலி, சீழ் இவற்றில் இரண்டு இருந்தால் தொற்று. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். புண் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தாண்டினாலோ, சீழ் ஆழத்தில் இருந்தாலோ, அது லேசான தொற்று அல்ல.

தொற்று லேசானது, அல்லது ரத்த ஓட்டம் சற்றே குறைவு, இரண்டில் ஒன்று மட்டும் என்றால் கழற்ற முடியாத கட்டையும் யோசிக்கலாம். லேசாக இரண்டும் சேர்ந்தால், அல்லது ஏதேனும் ஒன்று நடுத்தரம் என்றால், தினமும் புண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே கழற்றும் வாக்கரே சரி. தொற்றோ ரத்தத் தடையோ கடுமையாக இருந்தால், அல்லது இரண்டும் நடுத்தரமாகச் சேர்ந்தால், முதலில் அறுவை மருத்துவர், ரத்தக்குழாய்ச் சிகிச்சை. நடுக்கத்தோடு காய்ச்சல், நாடி நிமிடத்துக்கு 90-க்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை. கட்டு போடும் முன் பாத நாடியைத் தொட்டுப் பார்த்தார்களா, மழுங்கிய கம்பியால் புண்ணைத் தொட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. அது ஆறுவதை விரைவுபடுத்தாது.

எந்த வழியானாலும், வாரந்தோறும் புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் ரத்த ஓட்டம், எலும்புத் தொற்று, பாரம் விலகுகிறதா என்ற மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மூடிய பிறகும் தோல் உறுதிப்படச் சில வாரம் வாக்கரிலேயே இருந்துவிட்டு, எம்.சி.ஆர். செருப்புக்கு மாறலாம். வாங்கும்போது அதன் மேல்தளத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள்; ஏறக்குறைய பாதி அமுங்கி, விட்டதும் எழ வேண்டும்.