ஐராட்டாவா, ஸ்ப்ராட்டா, கம்பெனிச் சான்றிதழா?

ரோப் ஆக்சஸ் வேலைக்கு, அதாவது உயரமான இடங்களில் கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்கு, வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஐராட்டா (IRATA) எடுக்கலாமா, ஸ்ப்ராட் (SPRAT) எடுக்கலாமா? இரண்டும் இந்த வேலைக்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள். பெரும்பாலும் கட்டணத்தையும் நாட்களையும் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். உங்களைச் சோதித்து மதிப்பிடப் போவது யார்? மேல் நிலைக்குப் போவதற்குள் கயிற்றில் எத்தனை மணி நேரம் தொங்கியிருப்பீர்கள்?

இரண்டு அமைப்புக்கும் அடிப்படை ஒன்றே. குகை ஆய்வாளர்கள் வளர்த்த கயிற்று நுட்பங்களைத் தொழிலுக்குக் கொண்டுவந்து, எப்போதும் இரண்டு கயிறு என்ற விதியைச் சேர்த்தார்கள். ஒன்று வேலைக் கயிறு, மற்றது பாதுகாப்புக் கயிறு, இரண்டுக்கும் தனித்தனி ஆங்கர் (கயிற்றைக் கட்டும் பிடிமானம்). ஐராட்டா பிரிட்டனில் 1980-களின் இறுதியில், கடலில் இருக்கும் எண்ணெய், எரிவாயு மேடைகளின் பராமரிப்புத் தேவையிலிருந்து பிறந்தது. ஸ்ப்ராட் 1990-களில் அமெரிக்காவில் உருவானது. இரண்டிலும் மூன்று நிலைகள். இரண்டிலும் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மறுபடியும் தேர்வுக்கு வர வேண்டும். லெவல் 1 ஆள் மேற்பார்வையில் வேலை செய்பவர். லெவல் 3 தளத்தின் பொறுப்பாளர். மீட்புத் திட்டமும் முதலுதவியும் அவர் தலையில்.

பெரிய வித்தியாசம் மணிக்கணக்கில் இருக்கிறது. ஐராட்டாவில் லெவல் 1-லிருந்து லெவல் 2-க்குப் போக 12 மாதமும் 1000 மணி நேரமும் வேண்டும். அங்கிருந்து லெவல் 3-க்கு மீண்டும் 12 மாதம், மீண்டும் 1000 மணி. ஸ்ப்ராட்டில் ஒவ்வொரு படிக்கும் 6 மாதமும் 500 மணியும் போதும். காகிதத்தில் இது வெறும் பாதி. தளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் ஐந்து மணி நேரம் பதிவாகிறது என்றால், 500 மணி என்பது நூறு வேலை நாள், 1000 மணி என்பது இருநூறு. காற்று வேகம் கூடினால் வேலை நிற்கும், அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும், பொருள் வராது. இதையெல்லாம் கழித்தால் ஐராட்டாவில் மேற்பார்வையாளராவதற்கு இரண்டு வருடம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. பலருக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது.

எனக்கு இந்த நீண்ட பாதைதான் பிடிக்கும். ஒருவர் உணர்விழந்து தொங்கும்போது அவரைக் கீழே கொண்டுவருவதற்கு நிமிடங்கள்தான் கிடைக்கும். ஹார்னஸில் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையில்) அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் முடிவெடுக்கும் லெவல் 3-க்கு 1000 மணிக்கும் 2000 மணிக்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. ஆனால் மணி மட்டுமே திறமையை அளந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே கண்ணாடிச் சுவரில் ஏறாமல் இறங்கி மட்டுமே ஆயிரம் மணி சேர்த்தவரைவிட, ஆலைக்குள் சிக்கலான இடங்களில் ஐந்நூறு மணி உழைத்தவர் கெட்டிக்காரராக இருக்கக்கூடும். ஸ்ப்ராட் பக்கம் இந்த வாதத்துக்கு இடம் உண்டு.

தேர்வு நாளில் இரண்டும் ஒரே மாதிரி கறாரானவை. ஐராட்டாவில் குறைந்தது நான்கு நாள் பயிற்சி, பிறகு ஒரு நாள் மதிப்பீடு. மதிப்பீட்டாளர் வெளியாள், சொல்லிக்கொடுத்தவரே மதிப்பெண் போட முடியாது. நான் பார்த்த தேர்வுகளில் அதிகம் பேர் தடுமாறியது ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து பக்கத்து ஜோடிக்கு மாறும் பயிற்சியில்தான். உடல் இரண்டு ஜோடிக்கும் நடுவில் இழுபட்டுத் தொங்கும். கை வலிக்கும். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பழைய பக்கத்தின் பாதுகாப்புக் கருவியை முன்கூட்டியே கழற்றிவிடுவார்கள். அப்போது அந்தப் பக்கம் ஒற்றைக் கயிறுதான் பிடித்திருக்கிறது. அது விட்டுப்போனால் ஊஞ்சல்போல் வீசப்பட்டு எதிரே இருக்கும் தூணில் மோத வேண்டியதுதான். கீழே நிற்கும் மதிப்பீட்டாளர் உங்கள் வேகத்தைப் பார்ப்பதில்லை, காராபினர்களை (கயிற்றோடு இணைக்கும் கொக்கி வளையங்களை) எண்ணிக்கொண்டிருப்பார். பெரிய பிழை ஒன்று போதும், தோல்வி.

இந்த வெளியாள் என்ற ஏற்பாடுதான் மூன்றாவது வழியில் இல்லாமல் போகிறது. சில நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்துவிடுகின்றன. ஒருமுறை அப்படி ஒரு அட்டையோடு ஒருவர் எங்கள் தளத்துக்கு வந்தார். இறங்குவதில் குறை சொல்ல முடியாது. நடுவில் சிக்கிய சக ஊழியரை எப்படிக் கீழே இறக்குவீர்கள் என்று கேட்டேன்; அதை யாரும் சொல்லித்தரவில்லை என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை, அவரைக் கயிற்றில் அனுப்பியவர்கள்மேல் வந்தது. ஐராட்டாவில் லெவல் 1 ஆளே, இறங்கும் நிலையில் சிக்கியவரை மீட்டுக் காட்டினால்தான் தேர்ச்சி. காற்றாலைக்கு எடுக்கும் ஜிடபிள்யூஓ (GWO, காற்றாலைத் துறையின் பயிற்சி அமைப்பு) உயரப் பணிப் பயிற்சியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நல்ல பயிற்சி, இரண்டு ஆண்டுக்குச் செல்லும்; ஆனால் இரட்டைக் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் தகுதியை அது தராது.

எதை எடுப்பது? கடல் மேடை, கப்பல், எண்ணெய் சார்ந்த வேலை என்றால் ஐராட்டா. டெண்டரிலேயே அதன் பெயரைக் கேட்பார்கள். வட அமெரிக்காவில் வேலை தேடுபவருக்கு ஸ்ப்ராட் இயல்பான வழி. இரண்டையும் சேர்த்தே நடத்தும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, நிறைய ஊர் மாறப் போகிறவருக்கு அது வசதி. இரண்டும் சமமாகக் கிடைக்கும் இடத்தில் நான் ஐராட்டாவைத்தான் சொல்வேன். உறுப்பினர் நிறுவனங்களின் வேலை நேரத்தையும் விபத்துகளையும் தொகுத்து அது ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. நம்மைப் போன்றவர்கள் எங்கே அடிபடுகிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடிவது சாதாரண விஷயமல்ல. அதோடு, ஆறு மாதத்துக்கு மேல் கயிற்றைத் தொடாமல் இருந்தவர் வேலைக்குத் திரும்பும் முன் புத்தாக்கப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்ற அதன் விதி பலருக்கு எரிச்சலூட்டும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இடைவெளிக்குப் பிறகு முதல் வாரத்தில் என் கைகளே தயங்கியிருக்கின்றன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கயிறு உங்களை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். வெல்டிங், பெயின்டிங், அல்ட்ராசோனிக் சோதனை என்று ஒரு கைத்தொழில் உடன் இல்லாதவருக்கு லெவல் 1 அட்டை மட்டும் நல்ல சம்பளத்தைத் தந்துவிடாது.

எதை எடுத்தாலும் பதிவுப் புத்தகத்தை அன்றன்றைக்கு நிரப்புங்கள். எந்தக் கட்டமைப்பு, என்ன வேலை, எத்தனை மணி என்று எழுதி, தளத்தை விட்டுக் கிளம்பும் முன்பே லெவல் 3-யிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் வேறு கண்டத்துக்குப் போன பிறகு, உழைத்த முந்நூறு மணியை நிரூபிக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.